விடைத்தாள் இல்லாத பரீட்சை

2025 ஜூலை 8, செவ்வாய்

தோப்பும்படியில் ஏறியதும் கல்லூரி பஸ்ஸிலேயே அசைன்மென்ட்டுகளைத் திருத்திவிடலாம் என்று எடுத்தேன். இறுதியாண்டு மெக்கானிக்கல் பிள்ளைகள் எழுதியவை. மின்சாரப் படகின் மோட்டார் எப்படி இயங்குகிறது என்பது தலைப்பு. முதல் தாள் அருமை. இரண்டாவதும் அருமை. நாலைந்து போன பிறகுதான் எல்லாம் ஒரே அருமை என்று உறைத்தது. அதே எடுத்துக்காட்டு, அதே முடிவுரை. எல்லோருமே நார்வே நாட்டுப் படகு ஒன்றை வர்ணித்திருக்கிறார்கள். நம் காயலில் தினமும் ஓடுகிற மின்சாரப் படகைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். போனைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்றார் ஒருவர். மார்க்கைப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார் இன்னொருவர். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலையாளிகள் நிறைந்த இந்த அறையில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து, அது ஒரு நிம்மதி.

ஜூலை 10, வியாழன்

போனில் இருக்கிற ஏ.ஐ. மெஷின்தான் இதை எழுதிக் கொடுத்ததா என்று வகுப்பில் கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. அதிதி மட்டும் எழுந்து நின்றாள்.

"மிஸ்ஸே, அது எங்களைவிட நல்லா எழுதுது. அப்ப நாங்க எதுக்கு எழுதணும்?"

திமிராகக் கேட்டிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். அவர்களைவிட அது நன்றாக எழுதுகிறது என்றால், நான் கேட்ட கேள்வியில்தான் கோளாறு. இதை பிரின்சிபால் ஹரிநாராயணன் சாரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். அவருக்குக் கேள்வித்தாள் நேரத்துக்கு அச்சாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2, சனி

இடக்கொச்சி. டீசல் வள்ளங்களை மின்சாரத்துக்கு மாற்றும் கொட்டகை ஒன்று காயல் ஓரமாக இருக்கிறது. நடத்துவது அஞ்சனா. என் கல்லூரியிலேயே படித்தவள், ஆனால் என்னிடம் இல்லை. வாசலிலேயே நிறுத்தி, போட்டோ எடுக்கத்தானே வந்தீங்க என்று கேட்டாள். இல்லை, கெட்டுப்போன சாமான் ஏதாவது கொடு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

புதிதாகச் சேருகிற பட்டதாரிகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார்களாம். படகு நடுக்காயலில் நின்றுவிட்டால் மட்டும் அவள் முகத்தைப் பார்க்கிறார்களாம். வேலைக்கு எடுத்த பிறகு ஆறு மாதம் அவளேதான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஓடாத ஒரு மோட்டாரையும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி வந்தேன். செல்லதுரை கொச்சங்காடி குடோனிலிருந்து வந்ததும் நடுவீட்டில் இதைப் பார்த்தார். "கல்லூரியில இடமில்லன்னா இங்க கொண்டாந்திருக்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு பக்கம் பிடித்து ஓரமாக நகர்த்தினார். என் வீட்டுக்காரர் இப்படித்தான். முதலில் குறை, பிறகு கை.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று இன்டர்னல் பரீட்சை. மேஜைமேல் மோட்டாரையும் அதன் பெட்டியையும் வைத்து மின்சாரம் கொடுத்தேன். கேள்வி ஒன்றுதான்: இது ஏன் ஓடவில்லை? போன் பார்க்கலாம், புத்தகம் பார்க்கலாம், மெஷினிடம் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்கலாம். கடைசியில் காரணத்தை என்னிடம் வாயால் சொல்ல வேண்டும்.

முதலில் எல்லோரும் போனைத்தான் எடுத்தார்கள். பெட்டி எரிந்துவிட்டது, புதிது வாங்கி மாட்டு என்று வந்தது. பாதிப் பேர் அதையே என்னிடம் ஒப்பித்தார்கள். எரிந்த இடத்தைக் காட்டுங்கள் என்றேன். காட்ட முடியவில்லை.

அதிதி மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தாள். "மிஸ்ஸே, தொட்டா சில்லுனு தணுப்பா இருக்கு. பெட்டி ஸ்கிரீன்ல ஓவர் ஹீட்னு வருது."

பிறகு அந்த அறையில் இருந்த சத்தம்! சூட்டை அளக்கும் வயரைத் தேடிப் பிடித்தார்கள். அதன் முனையில் பச்சையாகக் களிம்பு, உப்புக்காற்று செய்த வேலை. வயர் செத்துவிட்டதால் மோட்டார் கொதிக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொண்டு, ஓட மறுத்திருக்கிறது. முனையைச் சுரண்டி மாட்டினார்கள். ஓடியது.

இத்தனை வருஷத்தில் பரீட்சை முடிந்த பிறகும் யாரும் வெளியே போகாமல் நின்றது இன்றுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரத்து. நேற்று நடந்தது பரீட்சையே இல்லையாம். ஒரு பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார், பக்கத்துப் பையனிடம் கேட்டுச் சொல்ல விட்டார்கள் என்று.

ஹரிநாராயணன் சார் பாலக்காட்டுக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டால் தமிழுக்கு மாறிவிடுவார். இன்றும் மாறினார்.

"பொன்மணி, நீ பண்ணினது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா விடைத்தாள் எங்கேன்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்? திங்கட்கிழமை மூணு மணி நேரப் பரீட்சை ஒண்ணு வெச்சுடு. நமக்கெதுக்காக்கும் பொல்லாப்பு?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வரலாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வைக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வேறு ஆசிரியரை வைத்து எழுத்துப் பரீட்சையை நடத்திவிட்டார்கள். என் பிள்ளைகள் எல்லோரும் எழுதினார்கள். அதிதியும்தான். யாராவது ஒருவர் எழுத மாட்டேன் என்று எழுந்து வருவார்கள் என்று வராந்தாவில் நின்றேனே – என்ன எதிர்பார்த்தேன்? அவர்களுக்கு மார்க் வேண்டும். வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள்.

அதிதி வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுல சம்மதிக்கல மிஸ்ஸே," என்றாள். பரவாயில்லை என்றேன். பரவாயில்லையா? இல்லை. ஆனால் அவள்மேல் கோபம் வரவில்லை. இந்தச் சண்டை என்னுடையது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாற்றல். இதே நிர்வாகம் இடக்கொச்சியில் ஒரு பாலிடெக்னிக் நடத்துகிறது. ஓணம் லீவு முடிந்ததும் அங்கே போய்ச் சேர வேண்டும். டிப்ளமோ பிள்ளைகள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் செல்லதுரை சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை எழுதினால் விட்டுவிடுவார்கள் என்றார். "பி.எச்.டி. முடிச்சவ போய் டிப்ளமோவுக்குப் பாடம் எடுக்கவா? நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

கத்திவிட்டேன். என்னத்துக்கு மன்னிப்பு? ஓடாததை ஓட வச்சதுக்கா? பிள்ளைங்க கையால ஒண்ணைத் தொட்டதுக்கா? நாலு பேர் கேட்டா சொல்லுங்க, எம்பொண்டாட்டி சொன்னதை மாத்திக்க மாட்டான்னு சொல்லுங்க.

அவர் தட்டைப் பக்கமாக இழுத்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, இடக்கொச்சிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

பாலிடெக்னிக். லேப் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைக்கத்தான் வேண்டியிருந்தது. உள்ளே புறா எச்சம், துருப்பிடித்த லேத். ஆனால் எவ்வளவு இடம்! இங்கே என்னைக் கேட்க ஆளில்லை. ஒதுக்கி வைத்தவர்கள் அதை யோசிக்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

அஞ்சனாவின் கொட்டகை இங்கிருந்து நடக்கிற தூரம். கெட்டுப்போனதையெல்லாம் எனக்கு அனுப்புகிறாள். பிள்ளைகள் சரி செய்து திருப்பி அனுப்புகிறார்கள். சரியாகாததும் உண்டு. ஒரு பேட்டரிப் பெட்டி என்னையே ஒரு வாரம் படுத்தி எடுத்தது. பிள்ளைகளோடு நானும் போனில் கேட்டேன், மெஷின் சொன்னதைப் பாதி நம்பினேன், மீதியை அளந்து பார்த்தேன். இதைத்தான் பாடத்திட்டத்தில் எழுத வேண்டும். யார் விடுவார்கள்? விடாவிட்டால் எழுதாமல் நடத்துவேன்.

நவம்பர் 26, புதன்

அஞ்சனா வந்திருந்தாள். அவளும் இன்னொரு கம்பெனியும் சேர்ந்து என் பழைய கல்லூரிக்கு ஆள் எடுக்கப் போயிருக்கிறார்கள். ஓடாத பம்ப் ஒன்றை மேஜைமேல் வைத்து, ஏன் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பம்ப்பைத் தொடவே இல்லையாம். அதிதியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் இங்கே வந்து என் டிப்ளமோ பிள்ளைகளில் நாலு பேரை எடுத்தார்கள்.

சந்தோஷப்பட்டேன். ஆனால் அங்கே தோற்றவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களும் என் பிள்ளைகள்தானே.

2026 ஜனவரி 6, செவ்வாய்

ஹரிநாராயணன் சார் போன் செய்தார். நலம் விசாரித்து, மழை விசாரித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். கம்பெனிகள் ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது நிர்வாகத்தை உறுத்துகிறதாம். திரும்பி வரணுமாம். பதவி உயர்வும் உண்டு, துறைத்தலைவர்.

"வரலை சார்," என்றேன்.

"இன்னும் கோபமாக்கும்?"

"கோபம் இருக்கு. அதுக்காக இல்ல. இந்த லேப்பை விட்டுட்டு வந்தா நாளைக்கே பூட்டிடுவீங்க. உங்க பிள்ளைங்களை இங்க அனுப்புங்க. ஆசிரியர்களும் கூட வரணும், மேற்பார்வைக்கு இல்ல, கத்துக்க. விடைத்தாள் கிடையாது, முதல்லயே சொல்லிட்டேன்."

பட்டப்படிப்புப் பிள்ளைகள் டிப்ளமோ கல்லூரிக்கு வருவதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கல்லூரி பஸ் வந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் மூன்று ஆசிரியர்கள் இறங்கினார்கள், போனைப் பிடுங்க வேண்டும் என்றவர் உட்பட. எல்லோருக்கும் கடைசியாக ஹரிநாராயணன் சார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு டிப்ளமோ மாணவர்தான் தலைவர் என்று அறிவித்தேன். வந்தவர்களிடம் முணுமுணுப்பு எழுந்தது. நான் ஒவ்வொரு மேஜையிலும் கையுறைகளை வைத்துக்கொண்டே போனேன். சார் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் எந்த மேஜையாக்கும்?"

ஜன்னலோர மேஜையைக் காட்டினேன். அதன் தலைவி அவர் யாரென்று தெரியாமலே, கையுறையை நீட்டி, வாட்சைக் கழற்றி வைக்கச் சொன்னாள். அவர் கழற்றி வைத்தார்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மேஜைமேல் இருந்த ஓடாத மோட்டார்களின் பெட்டிகளைத் திறக்கச் சொன்னேன்.