பாட்டுக்கு முந்தைய ஒன்பது விநாடி

அண்ணே,

பெட்டியைத் திறந்ததும் பழைய கேசட்டின் வாசனை வந்தது. துருவும் பிளாஸ்டிக்கும் கலந்து, மூடிக் கிடந்த அலமாரி மாதிரி ஒரு வாசனை. மேலட்டையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் என் கையெழுத்து: ‘கிறிஸ்மஸ் – என் பாட்டு’. ‘என்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். பத்தொன்பது வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

இதை வெளியே எடுத்தது சுகந்திக்காக. உங்கள் மகள். அவள் இப்போது வள்ளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். “அப்பா குரல் அந்த டேப்புல எங்கயாவது இருக்கா சித்தப்பா?” என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். பழைய சபைப் பாட்டு கேசட்டுகளைத் தேடிப் பிடித்து, நாடாவைத் துடைத்து, இரைச்சலை நீக்கி இணையத்தில் ஏற்றுவதுதான் இன்றைக்கு என் பைத்தியம். யாரும் சொல்லித் தரவில்லை, கீபோர்டு மாதிரியே இதையும் நானாக நோண்டிக் கற்றுக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தப் பாட்டையும் ஏற்றினேன். ‘அந்தக் காலத்துலயே என்ன ஒரு ஆரம்பம்!’ என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் கீழே எழுதினார்கள். நானும் வெட்கமில்லாமல் ஒவ்வொருவருக்கும் இதயம் போட்டேன். சுகந்தியும் அங்கேதான் கேட்டிருக்கிறாள்.

உங்கள் குரல் அதில் இருக்கிறது அண்ணே. ஒன்பது விநாடி. ஏற்றும்போது நான் வெட்டி எறிந்தது அந்த ஒன்பது விநாடியைத்தான். பாட்டுக்கு முன்னால் இருக்கும் இரைச்சல் என்று எனக்கு நானே பெயர் சொல்லிக்கொண்டேன்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த நம் சின்னக் கோயிலில், பாடகர் குழுவில், நீங்கள் கடைசி வரிசை. ஷிப்ட் முடிந்து நேராகப் பயிற்சிக்கு வருவீர்கள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. “வந்துட்டாருவே கிறிஸ்மஸ் தாத்தா” என்று பொம்பளைப் பிள்ளைகள் சிரிக்கும். நீங்கள் தலையைக் கொஞ்சம் குனிந்து அவர்கள் மேலேயே உதறுவீர்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனால் பேச்சில் அந்த வித்தியாசம் இருக்காது. நான் புதிதாக ஒரு மெட்டைக் கண்டுபிடித்து விட்டேன் என்று குதிக்கும்போது, குழுவில் நீங்கள் ஒருவர்தான் மூன்று தடவை கேட்பீர்கள். “எனக்கு அடியில ஒரு சுரம் குடுத்துருலே, போதும். நீங்க மேல ஏறிக் குதிங்க” என்பீர்கள்.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு மூன்று மாதம் முன்பு நீங்களும் மைனியும் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். நான்கு வயது. நீங்கள் வளர்ந்த அதே பாளையங்கோட்டைப் பக்கத்து ஹோமில் இருந்து. ஊர் வாய் சும்மா இருக்குமா? குழாயடியில், ரேசன் கடை வரிசையில், ஏன், கோயில் வாசலிலேயே, யார் பெற்ற பிள்ளையோ என்று பேசினார்கள். அப்போது கிறிஸ்தவர்களுக்குச் சட்டத்தில் தத்து கிடையாது. கோர்ட்டுக் காகிதத்தில் நீங்கள் அவளுக்குக் காப்பாளர். அப்பா என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு மத்தியானம், கோயிலில் கிறிஸ்மஸ் மரமாக நட்டு வைக்கச் சவுக்குக் கிளை வெட்டுவதற்காகப் பாபநாசத்துப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு நாம் இரண்டு பேரும் சைக்கிளில் போனோம். மழை விட்டிருந்தது. ஆற்றில் செந்தண்ணீர். கிளையைக் கேரியரில் கட்டிவிட்டுப் படித்துறையில் உட்கார்ந்தபோதுதான், பாட்டு ஆராதனையில் நீங்கள் எதை வாசிக்கப் போகிறீர்கள் என்று சொன்னீர்கள். எனக்குச் சப்பென்று போயிற்று. மத்தேயு சுவிசேஷத்தின் தொடக்கத்தில் இருக்கும் பெயர்ப் பட்டியல். ஆபிரகாமில் தொடங்கி இயேசு வரைக்கும் அப்பன் பெயர், மகன் பெயர், அந்த மகனின் மகன் பெயர். நாக்குப் பிறழும் என்று யாரும் கேட்டு வாங்காத பகுதி. நீங்கள் ஐயரிடம், நம் போதகரிடம், அதைக் கேட்டு வாங்கியிருந்தீர்கள்.

“வேற ஒண்ணும் கிடைக்கலையாண்ணே? மேய்ப்பர்கள், சாஸ்திரிகள், எவ்வளவோ இருக்கு” என்றேன்.

நீங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உங்கள் ஹோமைப் பற்றிச் சொன்னீர்கள். அப்பா பெயர் தெரியாத பையன்கள் எல்லோருக்கும் வார்டன் தன் இனிஷியலையே போட்டுவிட்டார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் வரிசையாகப் பதினோரு எஸ். “பதினோரு பயலுக்கும் ஒரே அப்பன், பெரிய சம்சாரிதான்” என்று வாத்தியார் தினமும் சிரிப்பார். கூடவே வகுப்பும் சிரிக்கும். அதைச் சொல்லும்போது நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகு சொன்னீர்கள்: “நாப்பது பேரு வாராம்லே வரிசையா. இவன் அவனப் பெத்தான், அவன் இவனப் பெத்தான்னு. கடைசில யோசேப்பு வாராரு. அங்கன வந்து நின்னு போகுது பாரு. அவரு பெத்தாருன்னு போடல. மரியாளுக்குப் புருசன்னுதான் போட்டிருக்கு.”

“தெரிஞ்ச கததானே.”

“தெரிஞ்ச கததான். ஆனா ஊரு ஆண்டவர என்னன்னு கூப்பிட்டுச்சு? தச்சன் மவன். தான் பெக்காத பிள்ளைக்கு யோசேப்பு தம் பேரக் குடுத்தாருலே. இல்லன்னா அந்த நாப்பது பேருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? கடவுளே எங்கள மாதிரி ஒருத்தரா வந்திருக்காரு, இனிஷியல் இன்னொருத்தர்ட்ட வாங்கிக்கிட்டு.”

நான் என் பாட்டின் இரண்டாவது சரணத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அடுத்து நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. இன்று வரைக்கும் விழுகிறது. “அவரு நம்ம பேர வாங்கிக்கிட்டாரு. எதுக்கு? தம் பேர நமக்குக் குடுக்க. நம்மளத் தம் பிள்ளன்னு சொல்ல. அதாம்லே கிறிஸ்மஸ். மத்ததெல்லாம் கலர் பேப்பரு.”

சுகந்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்தப் பட்டியலை வாசித்து, முடித்ததும் சபை முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல ஐயரிடம் அனுமதி வாங்கியிருந்தீர்கள். இவள் என் மகள், என் பேர் இவளுக்கு. மைனிக்குக்கூடச் சொல்லவில்லை, அன்றைக்கு அவளும் கேட்டுக்கொள்ளட்டும் என்றீர்கள். ஐயருக்கு அடுத்து எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரியும் அண்ணே. அதனால்தான் இந்தக் கடிதம் எழுதக் கை வரவில்லை இத்தனை வருடமாக.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். மில் சங்கு ஊதி, ஆட்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரட்டும் என்று மாலை ஏழு மணிக்கு வைத்த ஆராதனை. கோயிலெல்லாம் பவுடர் வாசனையும் புதுத் துணி வாசனையும். பிள்ளைகள் முன்னால் பாயில். என் பாட்டு அன்றைக்குத்தான் அரங்கேற்றம். நானே எழுதி, நானே மெட்டுப் போட்டது. பிறக்கப்போகும் பாலனுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களே என்று உருகி உருகி எழுதியிருந்தேன். அதை எப்படியாவது கேசட்டில் பிடித்துவிட வேண்டும் என்று மாமா வீட்டு டேப்ரிக்கார்டரைக் கெஞ்சி வாங்கி, வாசிப்பவர் நிற்கும் மேடைக்கு அடியில் வைத்திருந்தேன். அறுபது நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு முப்பது. எல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். ஆரம்ப ஜெபம் அவ்வளவு நீளும் என்று மட்டும் போடவில்லை.

உங்கள் முறை வந்தபோது டேப்ரிக்கார்டரின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாடா கொஞ்சம்தான் மிச்சம். நாற்பது பெயரையும் நீங்கள் நிதானமாக வாசித்தால் என் பாட்டின் கடைசிச் சரணம் விழாது. எழுந்து பத்து அடி நடந்து போய் நிறுத்தியிருக்கலாம். ஆராதனை நடுவே எழுந்து நடக்கக் கூச்சமாக இருந்தது. நீங்கள் மேடைக்கு வந்து தொண்டையைச் செருமினீர்கள். ஒரு பக்கத்தைப் புரட்டினீர்கள். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, பாயில் இருந்த பிள்ளையைப் பார்த்து மெதுவாக, “சுகந்தி, இங்கன வாம்மா. பைய வா” என்றீர்கள்.

அவள் எழுந்தாள். புதுக் கொலுசு. ரோஸ் பாவாடை. நடந்து வந்தாள்.

நான் கீபோர்டில் கையை வைத்தேன்.

முன்னிசை தொடங்கியதும் பாடகர் குழு அடித்துப் பிடித்து எழுந்தது. எல்லோரும் தங்கள் முறை வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். சுகந்தி பாதியில் நின்றாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நீங்கள் புத்தகத்தை மூடி, இறங்கி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனீர்கள். பிறகு கடைசி வரிசையில் என் பாட்டுக்கு அடிச் சுரம் பாடினீர்கள். பிள்ளை உங்கள் தோளில். டேப்பில் அதுவும் இருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக, பிரித்துக் கேட்க முடியாதபடி.

ஆராதனை முடிந்ததும் ஐயர் கோபமாக வந்தார். வாசிக்கும் முன்னால் வாத்தியம் எப்படி வந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள், “நாந்தான் பிந்தி எந்திச்சேன் ஐயரே. பயலுக்கு என்ன தெரியும்?” என்றீர்கள். அப்படியே நம்பிவிட்டீர்கள் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

“பாட்டு முழுசா விழுந்துச்சாலே டேப்புல?”

“விழுந்துச்சுண்ணே.”

“அப்பம் சரி. நாம அடுத்த வருசம் வாசிச்சுக்கிடுவோம்.”

உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருடம் வரவில்லை. மே மாதம் ஐயர் வேறு சபைக்கு மாற்றலாகிப் போனார். ஆனியில் உங்களுக்கு மஞ்சள் காமாலை. பத்தே நாள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கோயில் வாசல் பலகையில் உங்கள் அடக்க ஆராதனை அறிவிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. துக்கப்படுகிறவர்கள் என்று போட்டு மைனி பெயரை எழுதினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், “பிள்ளைக கிடையாதுல்லா? அது வளத்த பிள்ளதானே” என்றார். அறிவிப்புக்கு விளக்கம் கேட்டார், அவ்வளவுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை அண்ணே. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சுண்ணாம்புக் கட்டி கையில் இருந்தது. பலகையில் இடமும் இருந்தது. கீழே வைத்துவிட்டேன். அவளை மகள் என்று எழுதினால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள், கேட்டால் அந்தச் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும்.

சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது, பாட்டில்.

அதன் பிறகு மைனி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வள்ளியூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சுகந்திக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஆற்றங்கரையில் இருந்து கரும்பலகை வரைக்கும். கடைசியில் கேட்டாள்:

“அப்பா என்னயக் கூப்பிட்டாவளா?”

“கூப்பிட்டாங்கம்மா.”

“நடுவுல நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு. எல்லாரும் என்னயவே பாத்தாங்க. நான் சொல்லாம எந்திச்சு ஓடுனதாலதான் அப்பா வாசிக்காம இறங்கிட்டாவன்னு இத்தன வருசமும் நெனச்சுட்டு இருந்தேன் சித்தப்பா.”

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் செய்ததை இரண்டு பேரும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்து. அவள் தெரியாமல். மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்றாள். “உங்க பாட்ட வெட்டிட்டு, அப்பா கூப்பிடுதத மட்டும் தனியா அனுப்புங்க” என்றாள். பிறகு மெதுவாக, “அந்தப் பேரெல்லாம் எந்த அதிகாரத்துல இருக்கு?” என்று கேட்டாள். முதல் அதிகாரம் என்றேன்.

இன்று காலை முழுக்க வெட்ட உட்கார்ந்தேன். செருமல், தாள் புரளும் சத்தம், உங்கள் குரல், அதற்குப் பிறகு கொலுசு. அருகே வர வரச் சத்தம் கூடுகிறது. ஐந்தாவது அடி தரையில் படுகிற அதே நொடியில் என் முதல் சுரம் விழுகிறது. இரண்டுக்கும் நடுவே முடியளவு இடைவெளி இல்லை. இத்தனை வருடம் கற்ற வித்தை எல்லாம் போட்டுப் பார்த்தேன். என் சுரத்தை முழுவதும் எடுத்தால் அவள் அடி ஒன்று போய்விடுகிறது. எடுக்கவில்லை. என் விரல் பட்ட சத்தத்தின் நுனியோடே அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. “அஞ்சு அடி நடந்திருக்கேன் சித்தப்பா. எண்ணிட்டேன்.”

அந்தப் பாயில் இருந்து நீங்கள் நின்ற இடத்துக்குப் பன்னிரண்டு அடியாவது இருக்கும். மீதி என்னிடம்தான் இருக்கிறது, அண்ணே.