மற்றப் பக்கத்து நியாயம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
நவம்பர் 9, ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் ரூபிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகம், நீயும் ஏரனும் அதிதிக் குட்டியும் லிவர்மோரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனையை எடுத்திருக்கிறேன். கடித உறையைக் கண்டதும் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பதறாதே. அம்மாவின் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்கால்தான் குளிர் தொடங்கியதும் தன் வேலையைக் காட்டுகிறது. போனில் கதைத்தால் நான் இரண்டாவது வசனத்திலேயே சூடாகிவிடுவேன் என்று அம்மா சொல்கிறாள், அவள் சொல்வதில் பிழையில்லை. அதனால்தான் கடிதம்.

ஜூலை மாதம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அதிதியை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தி, அதே நேரத்தில் நடக்கும் யூதர்களின் ஹீப்ரு பாஷைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம் என்று சொன்னாய். நான் "அப்ப பிள்ளையை முழுசா அவையளிட்டையே குடுத்துவிடு" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ அம்மாவோடு மட்டும்தான் கதைக்கிறாய். நான் பக்கத்து அறையில் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்து எல்லாவற்றையும் கேட்பதும், எனக்குக் கேட்கட்டும் என்றே அம்மா ஸ்பீக்கரில் போடுவதும் உனக்குத் தெரியுமோ தெரியாது. ஏரன் யூதப் பிள்ளை என்று தெரிந்துதான் மனமாரக் கலியாணம் செய்துவைத்தோம், அவனில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் பேத்தி எங்கள் பாஷையில் ஒரு வரி வாசிக்காமல் வளர்ந்துவிடுவாள் என்ற பயம் எனக்கு நெஞ்சுக்குள் கல்லு மாதிரிக் கிடக்கிறது. அன்றைக்கு அந்தப் பயம்தான் கோபமாக வந்தது.

செப்டம்பரில் லைப்ரரிக்குப் போனபோது ஒரு துண்டுப் பிரசுரம் கண்டேன். இங்கே பக்கத்தில் இருக்கும் சினகாக், அதுதான் யூதர்களின் கோயில், ஒன்று போட்டது. கைக்குழந்தைகளுக்குப் பாட்டு நேரம், சிறுவர்களுக்கு ஞாயிறு காலை ஹீப்ரு, அதே மணிக்குப் பக்கத்து அறையில் பெரியவர்களுக்கு ஒரு படிப்பு வட்டம், எந்த மதத்தவரும் வரலாம், ஹீப்ரு தெரிந்திருக்கத் தேவையில்லை என்று போட்டிருந்தது. உண்மையைச் சொன்னால் நான் படிக்கப் போகவில்லை, உன்னோடு சண்டை பிடிக்கப் பொயின்டுகள் பொறுக்கத்தான் போனேன். அம்மாவிடம் வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போனேன், அயர்ன் பண்ணின ஷர்ட்டோடு யார் வாக்கிங் போவார்கள் என்று அவள் கேட்கவுமில்லை.

முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா, எங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஒரு புதுக் கொப்பி வாங்கிக்கொண்டு போய், ஆசிரியை சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஹோவர்ட், எழுபத்தாறு வயது, குழாய் வேலை செய்து ஓய்வெடுத்தவர், என்னை ஏதோ பத்திரிகைக்காரன் என்று நினைத்துவிட்டார். அங்கே கேட்டு எழுதுவது படிப்பே இல்லையாம். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒரு பழைய பாடத்தை வைத்து வாதாட வேண்டும், சும்மா தலையாட்டினால் சோடியாக இருப்பவருக்குத்தான் நஷ்டம். உன் அப்பாவுக்கு இது வெல்லமல்லவா, அடுத்த கிழமையே நான் மேசையில் தட்டித் தட்டிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது ஆசிரியை வந்து ஒரு ஒழுங்கு சொன்னார். மற்றவரின் நியாயத்தை, அவரே "ஓம், இதைத்தான் நான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுக்கலாம். எழுபத்திரண்டு வயதில் இதைப் போல் ஒரு கஷ்டமான வேலை எனக்கு யாரும் தந்ததில்லை, நாற்பது வருடம் மருந்துக் கம்பெனி லாபில் நின்றபோதும்கூட இல்லை.

ஹோவர்ட் சின்ன வயதில் பதின்மூன்று வரைக்கும் இதே மாதிரி ஒரு ஞாயிறு வகுப்புக்குப் போனவராம். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகி, அந்த வயதுச் சடங்கில் சபை முன்னால் நின்று வாசித்து, கேக் வெட்டி, அடுத்த நாளே புத்தகத்தை மூடியவர். அன்றைக்கு வாசித்ததற்கு என்ன அர்த்தம் என்று அறியத்தான் இப்போது வருகிறேன் என்கிறார். அங்கே வரும் பெற்றோரின் கவலையும் எங்கள் கவலைதான் மகள். ஃபுட்பால் மேட்ச் ஒரு பக்கம் இழுக்கிறது, பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று பயம். போன மாதம் வாசலில் ஒரு சின்னப் பெண் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்று அழுதாள், தாய் டோனட் காட்டிக் கெஞ்சிக்கொண்டு நின்றாள். அந்த அழுகை எனக்குத் தெரிந்த அழுகை. உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போன ஞாயிறுகளில் நான் டோனட்கூட வாங்கித் தந்ததில்லை.

இரண்டு கிழமைக்கு முன் பாடம், பிள்ளைக்கு எதைக் கற்பிக்கப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்பது. எனக்கு வாய் சும்மா இருக்குமா, எங்கள் வீட்டு வழக்கையே எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். ஹோவர்ட், உன் மகளின் பக்கம் நான் வாதாடுகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் சொன்ன காரணம் என்ன என்று கேட்டார். இரண்டு வகுப்பும் ஒரே நேரம் என்றேன்.

"அது டைம்டேபிள். காரணம் எங்கே?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன், அன்றைக்கு நீ "அதுக்கு ஒரு காரணம் இருக்கு அப்பா" என்று தொடங்கினாய், நான் அதற்குள் போனை வைத்துவிட்டேன். நான்கு மாதமாக உன்னோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன், உன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். ஸ்பீக்கரில் போடாத நேரத்தில் நீ சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "என்னட்டைக் கேளாதேங்கோ, அவளிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கறியைக் கிளறப் போய்விட்டாள்.

இன்று வகுப்பால் வந்து, உன் நியாயத்தை நானே எழுதிப் பார்க்கலாம் என்று இருந்தேன். தமிழ் வகுப்புக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் கார் ஓட வேண்டும் என்று எழுதினேன். ஏரன் கேட்டிருப்பான் என்று எழுதினேன். இல்லை, அங்கே யாராவது பிள்ளையை நீ பாதித் தமிழ்தானே என்று சொல்லி அழ வைத்திருப்பார்களோ என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. அப்படி நடந்திருந்தால், அன்றைக்கு நீ என்னிடம் முறையிடத்தான் போன் எடுத்திருக்கிறாய், நான் அவர்களோடு சேர்ந்து உன்னை இன்னும் ஒரு தரம் அடித்திருக்கிறேன். நடந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது, தெரியாமல் இருந்ததுதான் என் பிழை. மன்னித்துக்கொள் மகள். உன் முடிவுக்கு நான் ஓம் சொல்லவில்லை, அதிதி தமிழ் வாசிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதை ஒளித்துப் பயனில்லை. ஆனால் உன் காரணத்தை, நீயே ஓம் என்று சொல்லும்படி, முதலில் நான் சொல்லிப் பழக வேண்டும். அதற்கு நீதான் அதை எனக்குத் தர வேண்டும்.

மழை தொடங்க முன் காரின் டயரைப் பார்க்கச் சொல், அந்த மலைப் பாதையில் ஏரன் வேகமாகக் கார் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அதிதிக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பதில் எழுத மறக்காதே. நீ யூனிவர்சிட்டியில் இருந்தபோது மாதம் ஒரு கடிதம் தமிழில் எழுத வைத்து, அதைச் சிவப்பு மையால் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பியவன் நான், அப்போது நீ எழுதியதில் பிழையைத் தவிர வேறொன்றையும் நான் வாசிக்கவில்லை போல் இருக்கிறது. இந்த முறை உனக்கு எது சுலபமோ அதில் எழுது. ஆங்கிலத்தில் எழுது பிள்ளை, கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
அரியரட்ணம்