கைக்குட்டை போட்ட சீட்டு

தீவிலிருந்து,
3.6.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். உனக்குப் போனில் காது கேட்காது, அதனால்தான் பேனா. இந்தத் தீவு நம்ம பருத்திப்பட்டு ஏரியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதற்குள் ஆளுக்கொரு கார். அதைக் குறைக்கத்தான் ஆபீஸில் என்னை அனுப்பினார்கள். மினி பஸ் விட்டேன், ஈ ஓட்டுகிறது. மழைக்காலத்துக்குள் ஜனம் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவார்களாம்.

ஒரு கூத்து கேள். பழக்க தோஷத்தில் ஜன்னல் வழியாக அம்மாவின் பூப்போட்ட கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்தேன், காலி பஸ்ஸில்! அப்படியே மறந்து இறங்கிவிட்டேன். டிரைவர் அதைத் தொடவில்லை. இங்கே செத்தவர்களுக்குத்தான் துணி விரித்து இடம் விடுவார்களாம்.

உன் பிரியா

ஆவடி,
21.6.2025

செல்லத்துக்கு,

காலி பஸ்ஸில் இடம் பிடித்த மகராசி நீதான். உன் அம்மாவும் லேசுப்பட்டவளா? யாராவது உட்கார வந்தால் "ஆள் கீது, தள்ளு" என்று டிப்போவே அதிரக் கத்துவாள். அவள் கண்ணை மூடியதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பக்கத்து வீட்டு கஸ்தூரி குழம்பு தருகிறாள், உப்பே இல்லை. கைக்குட்டையை எடுத்துப் பத்திரமாக வை.

நைனா

தீவு,
10.7.2025

நைனா,

எடுக்கப் போனேன். டிரைவர் தடுத்தார். அந்தச் சீட்டு எப்போதும் சூடாக இருக்கிறது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. யாராவது உட்காரப் போனால் ஒரு குரல் கேட்கிறதாம். தமிழே தெரியாத மனுஷர், அட்சரம் பிசகாமல் சொன்னார்: "ஆள் கீது."

இப்போது வீட்டுக்கு வீடு, செத்துப்போன தங்கள் ஆளுக்கென்று ஒரு துணி கொண்டுவந்து விரிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். கார்களெல்லாம் தெருவில் தூசி படிந்து நிற்கின்றன. மேலிடத்தில் ஒரே பாராட்டு, இன்னும் பஸ் வரப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. டிக்கெட் போடுகிறேன், கிளம்பி வா.

பிரியா

ஆவடி,
28.7.2025

பயந்தாங்கொள்ளிக்கு,

உன் அம்மாதானே, கடித்தா விடுவாள்? டிக்கெட் இப்போதைக்கு வேண்டாம். என் துண்டை இதோடு அனுப்புகிறேன். என் ராஜகுமாரிக்குப் பக்கத்துச் சீட்டில் போட்டு வை. வந்துவிடுகிறேன்.

நைனா

தீவு,
2.9.2025

நைனா,

நீ வரப்போகிறாய் என்ற சந்தோஷத்தில் துண்டை உடனே விரித்துவிட்டேன். இங்கே துணி யாருக்கு விரிப்பார்கள் என்று அதற்கப்புறம்தான் புத்தியில் உறைத்தது. எடுக்கவும் கை வரவில்லை. தினமும் தொட்டுப் பார்ப்பேன். ஜில்லென்று இருக்கும், நிம்மதியாக இறங்குவேன்.

இன்று காலை சூடாக இருந்தது.

கஸ்தூரியக்கா போனை எடுக்கவில்லை. ஒரு வரி எழுதிப் போடு நைனா. குழம்பில் உப்பில்லை என்று திட்டியாவது எழுது.

பிரியா