சங்மோவிடம் கேட்ட வண்டி

அன்பு மகன் ரிக்ஸினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், மாடு இரண்டும் சௌக்கியம், புனேயில் நீ சௌக்கியமாக இருப்பதைச் சங்மோ சொல்லித் தெரிந்துகொண்டேன். போனில் பேசலாம்தான், ஆனால் மீட்டிங் வந்துவிட்டது என்று நீ பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தில் அந்த வசதி இல்லை, அதனால் முழுக்கப் படி.

அப்பா பட்டாணி விதைப்பில் இருக்கிறார், முழங்கால் வலி போன வருஷத்தைவிடப் பரவாயில்லை. கணவாயில் இன்னும் பனி வெட்டுகிறார்கள், திறந்ததும் மேலே பரத்பூருக்குப் போய், லே போகிறவர்களுக்குச் சோறு போடும் நம் கூடாரத்தைப் போட வேண்டும், பழைய தார்ப்பாய் கிழிந்துபோனதால் புதிது வாங்கக் கேலாங் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். அங்கே நம் பக்கத்துக் கூடாரக்காரி சங்மோ, கடைக்காரர் முன்னாலேயே போனை நீட்டி, "அக்கா, நம்ம ரிக்ஸின் மூணு பைக் போட்டோ அனுப்பியிருக்கான், லே வரைக்கும் அதுக்கு மேலயும் போகணுமாம், எதை வாங்கட்டும் சித்தின்னு கேக்குறான், நீங்களும் பாருங்க" என்றாள். நம்ம ரிக்ஸினாம், சித்தியாம். பெற்றவள் நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டுமாம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது, அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. மூன்றும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை வாங்காமலே திரும்பிவிட்டேன். உன் அப்பா, "தார்ப்பாய் வாங்கப் போனவ பொறாமைய வாங்கிட்டு வந்துட்டியா" என்று சிரித்தார், அன்றைக்கு அவருடைய உப்புத் தேநீரில் நான் வெண்ணெய் போடவில்லை.

போன கோடையில் நடந்ததே எனக்கு இன்னும் ஆறவில்லை. எந்தக் கூடாரத்தின் முன்னால் வண்டியின் ஸ்டாண்டு இறங்குகிறதோ அவர் அந்தக் கூடாரத்து ஆள், மற்றவர்கள் வாயைத் திறந்து கூப்பிடக்கூடாது என்பது எங்கள் வரிசையின் சட்டம். என் வாசலுக்கு வந்தவர்களைச் சங்மோ கைதட்டிக் கூப்பிட்டாள் என்று சண்டை போட்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான். நீ வாடகைக்கு எடுத்த அந்த எருமை மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்து வந்தாய், சரளைக்கல்லில் சறுக்கி அவள் வாசலில் விழுந்தாய், தனியாகத் தூக்க முடியாமல் நீ திணறியபோது அவள் ஓடிவந்து பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி அங்கேயே ஸ்டாண்டைப் போட்டுவிட்டாள். நான் கையில் கரண்டியோடு நிற்கிறேன், உள்ளே உனக்கென்று வைத்த ராஜ்மா கொதிக்கிறது, நீ அவள் கூடாரத்தில் இரண்டு தட்டு சாப்பிடுகிறாய். எதிர்க் கூடாரத்துக்காரி வேறு, "என்ன பால்மோ, பெத்த புள்ளைக்குமா சட்டம்?" என்று கேட்டாள். சட்டம்னா சட்டம்தான் என்று வீறாப்பாகச் சொன்னேன். பிறகு நீ வந்து வயிறு நிறைந்துவிட்டது அம்மா என்றாய், அந்த ராஜ்மாவை யாரோ லாரி ஓட்டுநர்கள் தின்றார்கள்.

இந்த வண்டி விஷயத்தைப் பொறுக்கமுடியாமல் நேராகச் சங்மோ வீட்டுக்கே போய், என் பிள்ளை உன்னிடம் ஏன் கேட்டான் என்று கேட்டேன். அவள் கம்பளி நூற்றுக்கொண்டே நிமிராமல், "உங்ககிட்ட எப்படிக்கா கேப்பான்? வண்டின்னு ஆரம்பிச்சாலே வேணாம்பீங்க. அவன் எப்படியும் போகத்தான் போறான், எதுல போகட்டும்னு கேட்டான், சொன்னேன்" என்றாள். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அடிபட்டு லாரியின் பின்னால் வண்டியோடு ஏற்றிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அவள் எதைச் சொன்னாள் என்று மட்டும் கேட்டேன், நடுவில் இருந்த சின்ன வண்டி என்றாள். வரும் வழியெல்லாம் ஒரே யோசனை, போட்டோவில் இருந்த அந்தப் பெரிய சிவப்பு வண்டிதான் உசத்தி, அதையே வாங்கு என்று எழுதிவிட வேண்டும், அவள் பேச்சு எடுபடக்கூடாது, அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தும்விட்டேன். மத்தியானம் பனி உருகி ஓடைத் தண்ணீர் பெருகும் நேரத்தில் அந்தச் சிவப்பு வண்டி உன் கால்மேல் கிடப்பதும், கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லாததும் கண்ணுக்கு முன்னால் வந்தது, அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அதனால் கேள், அந்த நடு வண்டியையே வாங்கு. அவள் சொன்னாள் என்பதற்காக இல்லை, நான் சொல்லும் காரணங்களுக்காக. அதில் உட்கார்ந்தால் உன் இரண்டு காலும் தரையில் ஊன்றும். அதன் சக்கரத்தில் கம்பிகள் இருக்கின்றன, வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், சிவப்பு வண்டியின் வார்ப்புச் சக்கரம் குழியில் இறங்கினால் விரிசல் விடும். எந்த ஊர் பஞ்சர் கடைக்காரரும் இதைக் கழற்றி மாட்டுவார், திரையில் படம் காட்டும் அந்த மூன்றாவது வண்டி நின்றுபோனால் வைத்திருப்பவனும் சேர்ந்து படம்தான் பார்க்க வேண்டும். கடையிலேயே அதைக் கீழே சாய்த்து, மூட்டை கட்டி, தனியாகத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு, கடைக்காரர் கத்துவார், கத்தட்டும். தண்டியில் இருக்கும் பங்க்கை விட்டால் லே பக்கம் போகும்வரை பெட்ரோல் கிடையாது, கேனில் எடுத்துக்கொள். ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடு. மேலே மூச்சு வாங்கினால் வீரம் காட்டாமல் கீழே இறங்கு.

தெய்வங்களும் மலையும் உன்னைக் காக்கட்டும், போகும் வழியெல்லாம் உனக்குச் சூடான சோறு கிடைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் எதுவானாலும் முதலில் என்னிடம் கேள், நீ பேசி முடிக்கும்வரை வேண்டாம் என்ற வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே வைத்திருப்பேன். பிறகு வேண்டுமானால் சங்மோவிடமும் கேட்டுக்கொள், அவள் என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், வேறு யாரும் இல்லை,
செரிங் பால்மோ