வலது ஓரத்து மெஷின்

அக்கா,

நீங்கள் போன பிறகு காலியாகக் கிடந்த உங்கள் மெஷினில் இன்று காலை என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பனியன் வேஸ்ட் அடைத்து நீங்கள் தைத்த மெத்தை இன்னும் அந்த ஸ்டூலில்தான் கிடக்கிறது. உட்கார்ந்ததுமே அழுகை வந்துவிட்டது. தையலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஊரே சீரியல் பார்க்கும்போது நீங்கள் மட்டும் செல்போனில் கிரேக்கர் சண்டை பார்ப்பீர்கள். ஒரு டீ வேளையில் நூல்கோன்களை டேபிளில் நெருக்கி நிறுத்தி எனக்குக் காட்டினீர்கள். "கேடயம் இடது கையில கண்ணு. பாதி நமக்கு, பாதி இடது பக்கம் நிக்கறவனுக்கு. இப்படி ஒட்டி நின்னா முன்னாடியிருந்து ஒருத்தனும் உடைக்க முடியாது."

"பக்கவாட்டுல வந்தா என்னங்க்கா பண்ணுவாங்க?"

"தொலைஞ்சுது. அத்தனை பேரு ஒட்டி நிக்கறப்ப எப்படித் திரும்பறது? மேடு பள்ளம் வந்தாலும் வரிசை பிளந்துக்கும். நடுவுல மாட்டுனவன் ஓடவும் முடியாது. ரோமாபுரிக்காரன் வெவரம். எடம் விட்டு நின்னான், களைச்சவன் பின்னாடி போயிக்கலாம்."

"நம்ம பவர் டேபிள்ல அந்த எடம் இல்லீங்களேக்கா" என்றேன். சிரித்த சிரிப்பில் டீயைக் கொட்டிவிட்டீர்கள். நமக்கு இரண்டு பக்கமும் மெஷின், முதுகுக்குப் பின்னால் பீஸ் கட்டுகள். ஒருத்தி எழுந்தால் வரிசையே நின்றுவிடும்.

"செரி, வலது ஓரத்துல நிக்கறவனுக்கு ஆருங்க கேடயம்?"

"அவனுக்கு ஆருமில்லை கண்ணு."

அந்த ஓரத்தில் இருந்தது நீங்கள். தைத்த பீஸ் தப்பென்று திரும்பி வந்தால், யார் தைத்தது என்று சூப்பர்வைசர் கேட்டு முடிக்கும் முன்பே "என்னுதுங்க" என்பீர்கள். உங்கள் தையல் ஒருநாளும் கோணியதில்லை என்று டேபிளுக்கே தெரியும்.

சோமனூரில் தங்கை தறி போட்டிருக்கிறாள். கூட வந்து ஓட்டச் சொல்கிறாள். இன்று சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுவிடலாம் என்றுதான் வந்தேன். அதற்குள் ஒரு கட்டு திரும்பி வந்தது. கழுத்துப் பட்டி முழுக்கக் கோணல். தைத்தது என் இடது பக்கம் புதிதாக வந்திருக்கும் பீகார்ப் பெண். சூப்பர்வைசர் கத்தினார். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கத்தல் புரிந்தது. நகர்ந்து என் தோளோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னுதுங்க" என்றேன்.

திட்டெல்லாம் வாங்கி முடித்தபின், வரவில்லை என்று தங்கைக்குச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. உங்கள் "என்னுதுங்க" என் வாயோடு ஒட்டிக்கொண்டது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை அக்கா, மூச்சு முட்டுகிறது. நாளைக்கும் அவள் கோணலாகத்தான் தைப்பாள்.