யோசிக்க ஓர் இடம்

6.6.97, வெள்ளி
குவைத்திலிருந்து வீட்டுக்காரர் பேசினார். ஒப்பந்தம் முடிகிறதாம். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கவா, கூத்தாநல்லூருக்கே வந்துடவா? நல்லா யோசிச்சு அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லு சஃபியா."
யோசிக்கவா? விடிந்தால் சமையல், அவர் அம்மா மாமிக்கு மாத்திரை, அப்புறம் இருட்டும்வரை வாசலில் நான் நடத்தும் எஸ்.டி.டி. பூத். இதில் எங்கே யோசிப்பது?

8.6.97
மதியம் மாடியில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். மாமி மூச்சு வாங்க ஏறி வந்து, "என்னம்மா, தலை சுத்துதா?" என்று நெற்றியில் தைலத்தைத் தேய்த்துவிட்டார்கள். எரிச்சலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. யோசனையாவது ஒன்றாவது.

9.6.97
தைலம் போதாதென்று இன்று மாமி பள்ளிவாசலில் ஓதி வாங்கிவந்த தண்ணீர்.

10.6.97
வழி கிடைத்துவிட்டது. பூத்தில் ஆள் இல்லாத நேரம் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்த மாமிகூடச் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டார்கள்.
அவர் வந்தால்... வந்து என்ன செய்வார்? என் நாற்காலியில் உட்காருவார். நான் அடுப்படிக்கா? இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

12.6.97
மானம் போச்சு. மீன் கொண்டுவரும் அம்சம் வெளியே நின்று பார்த்திருக்கிறாள். "இவ்வளவு நேரம் பேசுறே, மீட்டர் ஓடவே இல்லையேம்மா?"
சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி: சஃபியா பூத்தில் ஓசி லைன் இருக்கிறது. துணிக்கடை அஜீஸ் பாய்க்கு மலேசியா வேண்டுமாம், பக்கத்து வீட்டு நிலோஃபருக்குத் துபாய்.
"நான் யார்கிட்டயும் பேசலை. யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.
"யோசிக்கிறதுக்கு எதுக்கு போன்? தர இஷ்டமில்லன்னு சொல்லிடேன்" என்று நிலோஃபர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

13.6.97
அவர் போன். வாசலில் பாதித் தெரு.
"யோசிச்சேங்க. வந்துடுங்க. ஆனா பூத்தை நான்தான் பாப்பேன்."
ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். லைன் கட்டாகிவிட்டதா? கோபமா?
"இதையும் யோசிச்சுத்தான் சொல்றியா?"
"இதைத்தாங்க யோசிச்சேன்."
அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.
வெளியே அஜீஸ் பாய் கண்ணாடியைத் தட்டி நிலோஃபரிடம் காட்டினார். "பாத்தியா, இப்பவும் மீட்டர் ஓடலை." வருகிற போனுக்கு மீட்டர் ஓடாது பாய் — யாரிடம் சொல்ல?

21.9.97
அவர் குவைத்திலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது; இப்போது நெல் வியாபாரம். காலையில் அது விஷயமாகப் பக்கத்துப் பாபநாசம் போய்விட்டு வந்தவர், மதியம் தூக்குச் சட்டியோடு பூத்துக்கு வந்தார். "உன்கிட்ட ஒண்ணு பேசணும். எப்ப வரட்டும்?"
ஆட்கள் காத்திருந்தார்கள். "அசர் தொழுகைக்கு அப்புறம் வாங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.
அவர் வைத்த குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை.