மூன்றாம் கொக்கி

இல. 1. 1974 நவம்பர் 11, திங்கட்கிழமை, காலை 6.40

மழை. பசறைப் பக்கம் முழுவதும் மூட்டம். குடைக் கம்பி ஒன்று முறிவு.

மருந்துச்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற என்னைத் தோட்டத் துரை மீண்டும் அழைத்திருக்கிறார், குழந்தைக் காப்பகமாகிய பிள்ளை மடுவத்தின் விவகாரத்துக்காக. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கு விட மறுக்கின்றனர். லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், பூட்டிவிட்டுப் போகின்றனர், உள்ளே அடுப்பு. காரணம்: சென்ற மாதம் காய்ச்சலில் இறந்த சிசுவின் தொட்டில் தானாக ஆடுகிறதாம். சனிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும். இல்லையேல் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா ராக்காயிக்கு வேலை இல்லை.

அன்றே பிற்பகல், மடுவம். நான்கே சேலைத் தொட்டில்கள். மூன்றாம் கொக்கியில் நீலச் சேலை, வெறுமை. ஆடிக்கொண்டிருந்தது. வாசல்வரை பின்வாங்கினேன், மறைப்பதற்கில்லை. சுற்றிச் சென்று பார்த்தேன். பின்னால் பவளம், இறந்த சிசுவின் அக்காள், இரண்டரை வயது. சேலையைப் பற்றி இழுத்து விடுகிறாள். "ச்சூ... ச்சூ..."

இல. 2. 12-11-1974, செவ்வாய்

மழை. குடை இன்னும் திருத்தக் கொடுக்கவில்லை.

அந்த வெறுந்தொட்டிலை ஏன் அவிழ்க்கவில்லை என்று ஆயம்மாவைக் கேட்டேன்.

"அவுத்தா புள்ள சோறு திங்காதுங்கய்யா. நடக்குற புள்ளைக்கெல்லாம் ஆளுக்கொரு தொட்டில் குடுத்து ஆட்டப் பழக்குறது நாந்தான். எனக்கு ரெண்டு கைதான இருக்கு? தம்பிய ஆட்டுறது இவ வேல."

பத்து மணி. பால் கொடுக்கும் நேரம். மாரியாயி, தாய்மாரில் வாய் பெரியவள், வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"வெறுந்தொட்டில ஆட்டுனா மத்த புள்ளைங்களுக்கு ஆகுமா? டாக்டரய்யா வந்து குந்திக்கிட்டா பேய் பயந்துக்கிருமாக்கும்."

சிரிப்பு. நான் டாக்டர் அல்லேன், திருத்தவில்லை. தொட்டிலை அவிழ்க்கச் சொன்னேன். ஒருவரும் தொடவில்லை. நானே அவிழ்த்தேன். வெறுஞ் சேலை. ஆயினும் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பிறகே கவனித்தேன்.

இல. 3. 13-11-1974, புதன்

தூறல். சளி.

பவளம் கொக்கியின் கீழ் நின்றாள். துணி இல்லை. கை மட்டும் காற்றில், முன்னும் பின்னும். "ச்சூ..." கஞ்சியைத் தொடவில்லை. ஆயம்மா வேறு தொட்டிலருகே கொண்டுபோய் விட்டாள், பிள்ளை திரும்பி வந்துவிட்டது. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மாலை, வீட்டில் தேநீர் அருந்துகையில் என் இடக்கை மேசைமீது முன்னும் பின்னும். நிறுத்தினேன்.

இல. 4. 14-11-1974, வியாழன்

மூட்டம். மாரியாயி வந்தாள், இடுப்பில் மகன். சண்டைக்கென்று நினைத்தேன். காற்றை ஆட்டும் பவளத்தின் கையை வாசலிலிருந்து வெகுநேரம் பார்த்தாள். பின்னர் ஒரு பழஞ்சேலையை நீட்டினாள்.

"இந்தா ராக்காயி, கட்டு."

"அந்தக் கொக்கியிலயாடி?"

"வேற எங்க? இவன் அழுதா நாலு லயத்துக்குக் கேக்கும். ஆட்ட ஆளு வேணாமா?"

மகனைக் கிடத்தினாள். பவளம் கால்விரல்களில் எம்பினாள், எட்டவில்லை. மாரியாயி தூக்கிக் காட்டினாள். பவளம் நெடுநேரம் உள்ளே பார்த்தாள்.

"தம்பி இல்ல."

இறக்கிவிட்டதும் சேலையைப் பற்றினாள். ஆட்டினாள்.

இல. 5. 15-11-1974, வெள்ளி, காலை 9.15

வெயில். ஒன்பது தொட்டில்கள். பவளம் அரைக் கோப்பை கஞ்சி.

ஆயம்மாவை நிறுத்தலாகாது எனத் துரைக்குக் கடிதம், தபால்காரன் வசம். இணைப்பு:

1. அறிக்கை, இரு பக்கங்கள்.
2. ஆயம்மாவின் வாக்குமூலம், கைநாட்டுடன்.
3. பிள்ளைகளை மடுவத்தில் விடத் தாய்மாரின் சம்மதம். மாரியாயி முதலாவதாக.
4. தொட்டில்களை ஒரு முழம் தாழ்த்திக் கட்ட அனுமதி கோரும் குறிப்பு. ஆட்டும் பிள்ளைகள், உள்ளே இருப்பது யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.